குளவி இடையும் பாவாடை நாடாவும்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், சேத்தூரை அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது தேவதானம். இவ்வூர்ச் சிவன் கோயிலில் இறைவனுக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்று பெயர். சோழன் ஒருவன் பாண்டியனுக்கு நஞ்சு தோய்த்த ஆடையைப் பரிசாக அனுப்பினான் என்றும், அந்த ஆபத்திலிருந்து இறைவன் பாண்டியனைக் காத்தருளினார் என்றும் தலக்கதை கூறுகிறது. ஆடையும் ஆளைக் கொல்லலாம் என்ற எண்ணம் இவ்வூராருக்குப் புதிதன்று. நான் இந்த ஊர்க்காரன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆடையைப் பற்றி நான் எழுத வந்ததற்கு வகுப்பறையில் நடந்த ஒரு நிகழ்ச்சியே காரணம்.

எளிய பொறிகள் பாடத்தில், கைப்பிடியைச் சுற்றினால் உருளையில் கயிறு சுற்றிக்கொள்ளும் பொறியை விளக்க வேண்டியிருந்தது. வேடிக்கைக்காக ஒரு பழைய ஆங்கிலக் கேலிச்சித்திரத்தின் நகலைக் கொண்டுபோனேன். வில்லியம் ஹீத் என்ற ஓவியர் 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரைந்தது. சீமாட்டிகளை முறுக்கி இறுக்கும் புதிய இயந்திரம் என்பது அதன் தலைப்பின் கருத்து. பெண்ணின் முதுகுப்புறக் கயிற்றை உருளையில் சுற்றி இழுத்து, அவள் இடையைக் குளவியின் இடைபோல ஒடுக்குகிறார்கள். கார்செட் எனப்படும் இறுக்குக் கச்சை மீதான கேலி அது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மணி அடித்த பிறகு ஒரு மாணவி மட்டும் தயங்கி நின்றாள். "சார், எங்க அம்மாவுக்குப் பாவாடை நாடா கட்டுற இடத்தில சுத்திலும் கறுத்துத் தடிச்சுப் போயிருக்கு. வலது பக்கம் புண்ணு வேற ஆறாம இருக்கு. அதையும் இப்படி யாராவது படம் போட்டிருக்காங்களா சார்?" என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கேட்டாள். தாயார் நூற்பாலையில் வேலை செய்பவர். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் வேலை.

அன்றிரவு அந்தப் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அத்துடன், கிடைத்த வேறு சில சித்திரங்களையும் குறிப்புகளையும் புரட்டினேன். வகுப்பில் சிரித்த எனக்கு இப்போது அந்தச் சிரிப்பின்மீதே ஐயம் வந்தது.

முதலில் ஹீத்தின் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். வரைந்தவருக்குக் கற்பனை உண்டு, ஆனால் கண் போதவில்லை என்பேன். இயந்திரத்தைப் பெண்ணுக்கு வெளியே வைத்து வரைந்தார். உண்மையான இயந்திரம் அவள் முதுகிலேயே இருந்தது! கச்சையின் பின்புறம் இரு ஓரங்களிலும் வரிசையாகக் கண்கள்; அவற்றினூடே குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிச் செல்லும் ஒரே கயிறு. கிணற்று ராட்டினங்கள் பலவற்றை அடுக்கிவைத்தது போன்ற அமைப்பு இது. இருபது குறுக்குப் பின்னல் இருந்து, உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், கையால் 5 கிலோ இழுத்தால் ஓரங்கள் இரண்டும் 100 கிலோ விசையோடு ஒன்றையொன்று நோக்கி வரும்.

ஆனால் உராய்வு இருக்கிறது. கயிறு ஒவ்வொரு கண்ணிலும் அரைவட்டம் திரும்பிச் செல்லும்போது இழுவிசையில் ஒரு பங்கு வீணாகிறது. உராய்வுக் கெழு 0.2 என்று கொண்டால் ஏறத்தாழ பாதி போய்விடுகிறது. முதல் பின்னலில் 5 கிலோ, அடுத்ததில் இரண்டரை, அதற்கடுத்து ஒன்றேகால்... கூட்டிக்கொண்டே போனாலும் 10 கிலோவைத் தாண்டாது. ஆகவே ஒரு நுனியைப் பிடித்து ஓங்கி இழுத்து இடையை ஒடுக்குவது எளிதன்று. பணிப்பெண் ஒவ்வொரு பின்னலாக விரலால் இழுத்து இறுக்கி வரவேண்டும். அப்படி இறுக்கிய பிறகோ அதே உராய்வு கட்சி மாறிவிடுகிறது. இறுகிய கயிற்றைத் தளர விடுவதில்லை. 1828-ஐ ஒட்டி, தைத்த துளைகளுக்குப் பதில் உலோக வளையம் பதித்த கண்கள் வந்தன. அதற்கு முன் அளவுமீறி இழுத்தால் துணி கிழிந்துவிடும். அதுவே பெண்ணுக்கு ஒரு காப்பாக இருந்தது. உலோகக் கண் வந்ததும் அந்தக் காப்பு போயிற்று. ஹீத் படம் வரைந்த அதே காலம்! சிறு பித்தளை வளையத்தைப் பார்த்திருந்தால் எத்தனை கூர்மையான கேலி பிறந்திருக்கும்!

அடுத்து, அந்தக் கேலியில் உள்ள மிகை. மிகையின்றிக் கேலி இல்லை என்பது சரி. நம் இலக்கியத்திலும் அனிச்சப் பூவின் காம்புப் பாரம் தாங்காத இடையைக் குறள் பேசுகிறது. யாரும் அதை அளவுநாடா கொண்டு சோதிப்பதில்லை. ஆனால் ஐரோப்பியக் கேலிச்சித்திரங்களைப் பிற்காலத்தவர் சாட்சியமாகவே எடுத்துக்கொண்டனர். விக்டோரியா காலப் பெண்கள் எல்லோரும் கைப்பிடி இடையோடு மூச்சுத் திணறி மயங்கி விழுந்துகொண்டிருந்தார்கள் என்று நாமும் நம்பிவிட்டோம். ஆடை வரலாற்றாய்வாளர் வாலரி ஸ்டீல், எஞ்சியிருக்கும் கச்சைகளின் அளவுகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பதினெட்டு அங்குலக் கச்சை அபூர்வம். இருபதிலிருந்து இருபத்தாறு அங்குலம் வரை உள்ளவையே மிகுதி. அதிலும் பின்புற ஓரங்கள் இரண்டையும் ஒட்டவைக்காமல் இடைவெளி விட்டே கட்டுவது வழக்கமாதலால், உள்ளிருந்த இடை இன்னும் பெரியது. அக்கால மருத்துவர் சிலர் காசநோய் வரை எல்லாவற்றையும் கச்சையின் தலையில் கட்டினார்கள். காசநோய்க்குக் காரணம் நுண்ணுயிர் என்று 1882-இல் ராபர்ட் காக் காட்டினார்.

இதனால் கச்சை தீங்கற்றது என்று சொல்ல வரவில்லை. மார்பின் கீழ்ப்பகுதி விரிய முடியாததால் மூச்சு மேலெழுந்தவாரியாகவே ஓடும். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் டிக்கின்சன் 1887-இல் கச்சையின் அழுத்தத்தைக் கருவி வைத்தே அளந்தார். மொத்த அழுத்து விசை 30 முதல் 80 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 14 முதல் 36 கிலோ வரை இருந்தது. ஓரிடத்தில் அவர் கண்ட மிக அதிகமான அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 1.625 பவுண்டு. நம் இரத்த அழுத்தமானியின் கணக்கில் இது 84 மி.மீ. பாதரசம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என் பெரிய குறை வேறு. இந்தக் கேலி யாரைப் பார்த்துச் சிரித்தது என்பதுதான் அது. 1819-இல் வெளியான ஒரு படம், கச்சை கட்டிக்கொள்ளும் ஆண் மைனர் ஒருவனைக் கேலி செய்கிறது. அதைவிட முன்பு, 1793-இல் கில்ரே வரைந்த அரசியல் சித்திரத்தில், பிரிட்டன் என்னும் பெண்ணின் கச்சையைத் தாமஸ் பெயின் இழுத்து இறுக்குகிறார். பெயின் இளமையில் கச்சை தைக்கும் தொழில் பழகியவர், குத்தல் அதில்தான். இவற்றை விட்டுவிட்டால், பெரும்பாலும் சிரிப்பு பெண்ணின் தற்பெருமையைச் சுற்றியே வருகிறது.

சரி, கச்சையை விட்டவர்களை மெச்சினார்களா? 1851-இல் அமெரிக்காவில் அமீலியா புளூமர் முதலானோர் தளர்ந்த கால்சட்டையும் குட்டைப் பாவாடையும் அணிந்து நடமாடினார்கள். லண்டன் 'பஞ்ச்' வார இதழ் படம் படமாகப் போட்டு அவர்களை நையாண்டி செய்தது. கட்டினாலும் சிரிப்பு, அவிழ்த்தாலும் சிரிப்பு! இறுக்கத்தைப் பற்றிய அக்கறை அந்தச் சிரிப்பில் எவ்வளவு இருந்தது என்று வாசகர்களே கணித்துக்கொள்ளலாம். 1881-இல் லண்டனில் பகுத்தறிவு உடைச் சங்கம் தோன்றியது. உள்ளாடைகளின் மொத்த எடை ஏறத்தாழ 7 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று எண் போட்டுப் பேசியவர்கள் அவர்கள். அக்காலச் சீர்திருத்தக்காரர் பலரும், ஆடையின் பாரம் இடுப்பில் தொங்காமல் தோளில் தொங்கட்டும் என்றார்கள். தராசை எடுத்தவர்கள் இவர்களே. ஆனால் கேலிக்கு இவர்களும் தப்பவில்லை.

பஞ்சால் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது என்பதற்கில்லை. அதே இதழில் 1862 பிப்ரவரியில் ஒரு படம் வந்தது. நடன உடையணிந்த ஓர் எலும்புக்கூடு மற்றோர் எலும்புக்கூட்டைக் கைகொடுத்து ஆட அழைக்கிறது. ஆர்செனிக் நடனம் என்று பெயர். அக்காலத்தில் பச்சை நிறத்துக்குத் தாமிரமும் ஆர்செனிக்கும் சேர்ந்த சாயங்களைப் பயன்படுத்தினர். 1861 நவம்பரில், செயற்கை மலர்களில் அந்தப் பச்சைப் பொடியைத் தூவும் தொழிலில் இருந்த மட்டில்டா ஷோயரர் என்ற 19 வயதுப் பெண் லண்டனில் நஞ்சேறி இறந்தாள். ஹோஃப்மன் என்ற புகழ்பெற்ற வேதியியலார் சாயத்தைச் சோதித்து, கண்டதைச் செய்தித்தாளில் எழுதினார். அதையடுத்து வந்தது அந்தப் படம். அதன் அடியில், பச்சை மாலைகளையும் உடைகளையும் விற்கும் வியாபாரிகளுக்குக் காணிக்கை என்று அச்சிட்டிருந்தார்கள். பாருங்கள், இங்கே அம்பு எங்கே போய்த் தைக்கிறது! நஞ்சாடையை உடுத்தியவளை விட்டு, அனுப்பியவனை அல்லவா தேடிப் போகிறது! எங்கள் தேவதானத்துக் கதையும் அப்படித்தான். பாண்டியனின் பட்டாசையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். சேலைக்குள் கட்டும் பாவாடை, கடைகளில் இன்ஸ்கர்ட் என்று கேட்டு வாங்குவது, இன்றுள்ள வடிவில் மிகப் பழமையானதன்று. உள்பாவாடையும் ரவிக்கையும் சேர்ந்த உடை பரவியதும் விக்டோரியா காலத்தில்தான். 1860-களில் பம்பாயில் வாழ்ந்த ஞானதானந்தினி தேவி, தாகூர் குடும்பத்து மருமகள், இந்த உடுத்தும் முறையைக் கல்கத்தாவில் பரப்பியவர்களில் முக்கியமானவர். கச்சை இந்தியாவில் நிலைக்கவில்லை; அதே காலத்துப் பாவாடை நிலைத்துவிட்டது. பாவாடையின் நாடாவோ, பட்டையாகத் தொடங்கி, இழுத்துக் கட்டியதும் உருண்டு கயிறாகிவிடுகிறது.

30 அங்குல இடுப்பின் ஆரம் ஏறத்தாழ 12 செ.மீ. உருண்ட நாடாவின் அகலம் அரை செ.மீ. இரண்டு லிட்டர் தண்ணீர் உள்ள தூக்குவாளியைத் தூக்கும் விசையால், அதாவது 2 கிலோ இழுவிசையில் அதைக் கட்டுவதாகக் கொள்வோம். வளைந்த பரப்பைச் சுற்றிய கயிற்றின் அழுத்தம், இழுவிசையை ஆரத்தாலும் அகலத்தாலும் வகுத்தால் கிடைக்கும். 2-ஐ 12-ஆலும் பிறகு அரையாலும் வகுங்கள். ஒரு சதுர செ.மீ.க்கு மூன்றில் ஒரு பங்கு கிலோ. பாதரசக் கணக்கில் சுமார் 245 மி.மீ. டிக்கின்சன் கச்சையில் கண்ட உச்ச அளவு 84! உலகமே சிரித்த கார்செட்டைப்போல் ஏறத்தாழ மூன்று பங்கு அழுத்தம், யாரும் சிரிக்காத ஒரு நாடாவில். உடலின் நுண்குழாய்களில் இரத்தம் ஓடும் அழுத்தமோ 32 மி.மீ. அளவே. சதை மெத்தென்று அமிழ்ந்து நாடாவுக்கு இடம் கொடுப்பதால் உண்மை அழுத்தம் என் கணக்கைவிடக் குறையலாம். ஆனால் குனிந்து நிமிரும்போதும் சம்மணமிட்டு உட்காரும்போதும் இடுப்பு பருக்கிறது; நாடா நீள்வதில்லை; அப்போது ஏறும். மேலும் இடுப்பு முழு வட்டமன்று. முன்னே தட்டையாகவும் விலாவின் கீழே பக்கவாட்டில் சற்று வளைவு மிகுந்தும் இருக்கும். வளைவு மிகுந்த இடத்தில் ஆரம் சிறிது. ஆரம் சிறுத்தால் அழுத்தம் பெரிது. முடிச்சும் வழக்கமாக அங்கேதான் வந்து உட்காருகிறது.

ஆண்டுக்கணக்கில் ஒரே கோட்டில் இவ்வாறு அழுந்தி, வியர்வையும் உராய்வும் சேர்ந்தால் தோல் கறுக்கும், தடிக்கும், சிலருக்கு வெடித்துப் புண்ணாகும். மிக அரிதாக, ஆறாத புண் புற்றாகவும் மாறுகிறது. 2024-இல் மகாராஷ்டிர, பீகார் மருத்துவர்கள் இரண்டு பெண்களின் நோய் வரலாற்றை வெளியிட்டார்கள். ஒருவருக்கு வயது 70. வலது விலாப்பக்கத்துப் புண் 18 மாதங்களாக ஆறவில்லை. மற்றவர் அறுபதுகளின் பிற்பகுதியில் இருந்தவர். உள்பாவாடையே இல்லாமல், லுக்டா என்னும் சேலையை 40 ஆண்டுகளாக இடுப்பில் இறுக்கி முடிந்து உடுத்தியவர். அவருக்கு நோய் அரையிலுள்ள நிணநீர்க் கணுவுக்கும் பரவியிருந்தது. மார்ஜோலின் புண் என்பது மருத்துவப் பெயர். பத்திரிகைகள் சேலைப் புற்று, பாவாடைப் புற்று என்று தலைப்பிட்டன. குற்றம் சேலையின்மேல் இல்லை, இறுக்கத்தின்மேல்தான் என்பது இரண்டாவது பெண்ணின் கதையிலேயே தெளிவாகிறது. இது பெண்களோடு நிற்கும் விஷயமும் அன்று. 1945-இலேயே கனோல்கரும் சூர்யாபாயும் இந்தியப் பழக்கவழக்கங்களோடு தொடர்புடைய புற்று நோய்களை விவரித்தபோது, அவற்றில் ஒன்று வேட்டி கட்டும் இடத்தில் வருவது.

ஏன் இத்தனை இறுக்கம்? தற்பெருமையா? காலையில் ஆலைப் பேருந்தில் நெரிசலில் நிற்கும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். கொசுவத்தை யாராவது மிதித்தால் அவிழ்ந்துவிடுமே என்ற அச்சம்தான். அச்சத்துக்கும் கணக்கு உண்டு. சேலையும் பாவாடையும் சேர்ந்து 1 கிலோ என்றும், உராய்வுக் கெழு 0.3 என்றும் கொண்டால், அதைத் தாங்கி நிற்க அரை கிலோவுக்குச் சற்று மேற்பட்ட இழுவிசையே போதும். மிதிபட்டால் தாங்கவேண்டும் என்று அதை நான்கு பங்காக்கிக் கட்டுகிறார்கள். சரி, கட்டட்டும். அந்த 2 கிலோ குறையவேண்டாம். அரை செ.மீ. அகலத்தை மட்டும் 4 செ.மீ. ஆக்குங்கள். பிடிப்பு உராய்வால் வருவது. உராய்வு விசை பரப்பைப் பொறுத்ததன்று என்று பத்தாம் வகுப்புப் பையனுக்கும் சொல்லித்தருகிறோம். ஆகவே பிடிப்பு அப்படியே இருக்கும். அழுத்தமோ எட்டில் ஒரு பங்காகி 31 மி.மீ.க்கு வந்துவிடும்.

இதை மாணவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை, நல்ல மாணவிக்கு அதுதான் அழகு. ஆய்வகத்தில் ஒரு பெரிய மண்பானையின்மேல் துண்டைச் சுற்றி, முதலில் நாடாவையும் பிறகு நான்கு விரல் அகலப் பட்டையையும் சுருள்வில் தராசில் ஒரே இழுவிசை காட்டும்படி கட்டி, கீழே எடைகளைத் தொங்கவிட்டோம். இரண்டும் ஏறத்தாழ ஒரே எடையில்தான் சறுக்கத் தொடங்கின.

தேவதானத்தில் எனக்குத் தெரிந்த தையற்காரரிடம் ஒரு பாவாடைக்கு நாடாவை உருவிவிட்டு, உள்ளே கெட்டித் துணி வைத்த பட்டை தைத்துத் தரச் சொன்னேன். பட்டையில் முடிச்சுப் போட்டால் பெரிதாகத் துருத்துமே என்றார். அவர் சொன்னது சரி. முடிச்சைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. தட்டையான கொக்கி மூன்று வரிசை வைத்து, வேளைக்கு ஏற்றபடி இறுக்கவும் தளர்த்தவும் அவரே வழி செய்தார். கூலி அதிகம் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து மாணவி வந்தாள். பட்டை அவிழவில்லையாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொக்கி தளர்த்திக்கொள்கிறாராம். "புண்ணு?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். இடுப்பைப் போய் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்று அம்மா கூசுகிறாராம். மூன்று வாரத்தில் ஆறாத புண்ணை அவசியம் காட்டவேண்டும், பெண் மருத்துவர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போகலாம் என்றேன். ஆலை விடுமுறை நாளில் தானே கையைப் பிடித்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.